எண்ணைப் படிக்க முடிகிறதா: பழைய ரயில் நெகட்டிவ்களுக்கு ஒரு கோலாலம்பூர் கடை

பழைய ரயில் படங்களின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து தரும் கடையை எடைபோட எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் கணினித் திரையில் படிக்க முடிகிறதா என்பது. வானம் எப்படி வந்திருக்கிறது, படம் பளிச்சென்று இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எண் தெரிந்தால் எஞ்சினின் வகை தெரியும், வகை தெரிந்தால் அது ஓடிய காலமும் ஓரளவு தெரியும். எண் தெரியாத படத்தில் இருப்பது ஏதோ ஒரு கரிய எஞ்சின், ஏதோ ஓர் ஊர், அவ்வளவே.

இந்த அளவுகோலில் தேறிய ஒரு கடையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அது பசார் செனி எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. நடத்துபவர் ஒரே ஆள். முப்பதைத் தாண்டிய தம்பி. கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது என்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். ஃபிலிம் கேமராவில் இன்றும் படம் எடுப்பவர்களைக் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

நான் கொண்டுபோனவை என் பெரியப்பா எடுத்த படங்கள். கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர்களுக்கு அந்தப் பணிமனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. காலைச் சங்கின் கணக்கில்தான் வீட்டில் உலை வைத்தார்கள். 1950களின் இறுதியிலிருந்து 1970களின் பிற்பகுதி வரை, பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் கருப்பு வெள்ளை ஃபிலிமில், பணிமனை, கோலாலம்பூர் நிலையம், வடக்கே பேராக் வரையிலான பாதை ஆகியவற்றை அவர் படம்பிடித்திருக்கிறார். கூடவே பினாங்குக் கொடிமலை ரயிலின் வண்ண ஸ்லைடுகள் ஒரு சிறு பெட்டி நிறைய. நெகட்டிவ்களை ஆறாறாக வெட்டிக் காகித உறைகளில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் இரண்டு மூன்று சொற்கள் எழுதி வைப்பது அவர் வழக்கம்: "ஷெட்டு, சாயங்காலம்", "காராய் பாலம், மிக்ஸ்டு வண்டி" என்பது போல. ஷெட்டு என்றால் எஞ்சின் கொட்டகை, மிக்ஸ்டு என்றால் பயணிகளும் சரக்கும் சேர்ந்து போகும் வண்டி.

கடைக்காரர் முதலில் செய்த வேலையே எனக்குப் பிடித்துப்போனது. ஒரு நெகட்டிவையும் தொடுவதற்கு முன், ஒவ்வோர் உறையையும் வந்த வரிசையிலேயே வைத்து, பென்சில் எழுத்து தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார். ஸ்கேன் கோப்புகளின் பெயரும் அந்த வரிசைப்படியே அமைந்திருந்தது: உறை எண், துண்டு எண், ஃபிரேம் எண். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இதற்கு முன் நான் ஒரு சில துண்டுகளைக் கொடுத்துப் பார்த்த வேறோர் இடத்தில் (அதன் பெயரும் இங்கே வேண்டாம்) உறைகள் ஒரு பக்கமும் நெகட்டிவ்கள் ஒரு பக்கமுமாகத் திரும்பி வந்தன. பேராக்கில் எடுத்தவற்றுள் காராய் எது, கோலகங்சார் எது என்று பிரிப்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த இடத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் செய்யக் கொடுக்கும் எல்லாருக்கும் அது பொருந்தும். பல ஸ்கேனர்களில் தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் வசதி உண்டு. அது அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு வேலை செய்கிறது. வண்ண நெகட்டிவில் படமாக நிற்பது சாயம். அகச்சிவப்பு அதை ஊடுருவிச் செல்லும், தூசியை ஊடுருவாது, ஆகவே தூசி எது படம் எது என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். வழக்கமான கருப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பதோ வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் மறைக்கும். அந்த வசதியை அணைக்காமல் ஓட்டினால் இயந்திரம் படத்தையே குப்பை என்று எடுத்துக்கொண்டு பூசி மெழுகிவிடும். எனக்கு வந்த படங்களில் எஞ்சின் சக்கரத்தின் ஆரங்கள் கரைந்துபோயிருந்தன. எண் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் படலம் மட்டுமே இருந்தது. தூசியும் இல்லை, எண்ணும் இல்லை.

இந்தக் கடையில் ஸ்கேனரே கிடையாது. கீழிருந்து வரும் ஒரே சீரான வெளிச்சத்தின் மேல் நெகட்டிவை வைத்து, செங்குத்தாகப் பொருத்திய கேமராவில் மேக்ரோ லென்ஸால் படம் எடுக்கிறார். 24 மெகாபிக்சல் கேமராவில் 36 மில்லிமீட்டர் அகலம் 6,000 பிக்சலாகப் பதிவாகிறது. பழைய கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 4,200 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகள். பெரியப்பாவின் கேமராவும் ஃபிலிமும் தரக்கூடிய நுணுக்கத்துக்கு இது போதும். இதற்கு மேல் போனால் ஃபிலிமின் மணிகள்தான் (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் துகள்கள்) பெரிதாகும். சுருண்டுபோன துண்டுகளை, வட்ட வளையங்கள் விழாத சொரசொரப்பான கண்ணாடியை மேலே வைத்துத் தட்டையாக்குகிறார். நான்கு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றன. மூலைகளை நான் வேண்டுமென்றே பெரிதாக்கிப் பார்த்தேன். நடைமேடைத் தூணில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளி வரை தெரிந்தது.

எண் சோதனைக்கு வருகிறேன். பணிமனை வாசலில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கும் படம். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. எஞ்சினின் பக்கம் முழுக்க நிழல். கேபின் ஜன்னலுக்குக் கீழே எண் இருக்கிறது என்பதே பழைய பிரிண்டில் தெரியாது. இங்கே எடுத்த 16 பிட் டிஃப் கோப்பை (நிழலின் நுண்ணிய வேறுபாடுகளையும் இழக்காமல் வைத்திருக்கும் கோப்பு வகை) திறந்து நிழலை மட்டும் மெல்ல உயர்த்தியபோது 564 என்ற மூன்று இலக்கங்கள் முதலில் எழுந்துவந்தன, பிறகு புள்ளி, பிறகு ஒரு 3, கடைசி இலக்கம் 1 என்றும் சொல்லலாம், 7 என்றும் சொல்லலாம். அது போதும். 56 வகுப்பு என்பது 1938 முதல் 1946 வரை பிரிட்டனில் கட்டப்பட்டு வந்த, நான்கு ஆறு இரண்டு சக்கர அமைப்புள்ள எஞ்சின்கள். மலாயாவில் நீராவிக் காலத்தின் கடைசி வரை ஓடியவை. பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கும் 564.36 'தெமர்லோ' அவற்றுள் ஒன்று. பக்கத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி வண்டியில் எம்.ஆர். என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. மலாயா ரயில்வே என்ற பெயர் 1962இல் மலாய் மொழியில் கெரெத்தாப்பி தானா மெலாயு, சுருக்கமாகக் கே.டி.எம். ஆனது, எழுத்தை உடனே மாற்றியிருக்க மாட்டார்கள் என்றாலும், படம் அந்த ஆண்டை ஒட்டியோ அதற்கு முன்போ எடுத்தது என்று துணிந்து சொல்ல இடமிருக்கிறது.

துளைகள் உள்ள விளிம்பையும் சேர்த்து எடுத்துத் தருமாறு கேட்டால் கூடுதல் கட்டணமின்றித் தருகிறார். கட்டாயம் கேளுங்கள். அந்த விளிம்பில்தான் ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்ணும் இருக்கும். ஒரு துண்டில் 5063 என்று இருந்தது. அது கோடாக்கின் டிரை-எக்ஸ் ஃபிலிமின் எண். ஃபிரேம் வரிசையைப் பார்த்தால் வண்டி வந்ததா போனதா என்பதும் புலப்படும்: முந்தைய ஃபிரேமில் தூரத்தில் புகை, அடுத்ததில் எஞ்சின் முகம், அதற்கடுத்ததில் கடைசியில் வரும் கார்டு பெட்டியின் முதுகு. விளிம்பை வெட்டித் தரும் கடைகள் இந்தச் சாட்சியத்தைத் தெரியாமலே குப்பையில் போடுகின்றன.

வெண்புகை விஷயத்தில் கடைக்காரரின் கைத்திறன் தெரிந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால் எஞ்சினின் கரிய உடல் ஃபிலிமில் மெலிந்தும், வெயில்பட்ட நீராவி அடர்ந்தும் இருக்கும். ஒரே வெளிச்ச அளவில் எடுத்தால் நீராவி வெறும் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். அவர் அடர்ந்த ஃபிரேம்களை மட்டும் இரண்டு வெவ்வேறு அளவுகளில் எடுத்து இணைக்கிறார். கைகாட்டி மரத்தைத் தாண்டிச் சுருண்டு போகும் நீராவியின் மடிப்புகள் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன, அதன் பின்னால் கைகாட்டியின் கையும் கீழே சாய்ந்திருக்கிறது. வண்டிக்கு வழி விட்டிருக்கிறார்கள் என்ற செய்தி இத்தனை ஆண்டு அந்தப் புகைக்குள் ஒளிந்திருந்தது.

நம் ஊர்ப் புழுக்கம் ஃபிலிமுக்குப் பகை. இரண்டு உறைகளைத் திறந்ததும் காடி வாடை அடித்தது. அசிடேட் அடித்தளம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் கசிகிறது; அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கத் தொடங்கும். அவர் அந்த உறைகளை உடனே தனியே எடுத்து வைத்து, அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்தார். பூஞ்சணம் பிடித்த துண்டுகளை நான் தண்ணீரில் அலசலாமா என்று கேட்டேன். "வேணாம் அண்ணே, பூஞ்சணம் தின்ன இடத்துல ஜெலட்டின் தண்ணியில கரைஞ்சிடும், படமே போயிடும்" என்றார். மென்தூரிகையாலும் தண்ணீர் கலவாத ஃபிலிம் துடைப்பானாலும் எவ்வளவு போகுமோ அவ்வளவே எடுத்தார். நரம்பு போன்ற தடங்கள் சில படங்களில் மீதமிருக்கின்றன. அவற்றைக் கணினியில் அழித்துத் தரவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஜல்லியின் மேல் விழுந்த தடத்தை அழிக்கப் போய் ஜல்லியையும் சேர்த்துக் கற்பனையாக நிரப்பும் மென்பொருள்கள்தான் இப்போது அதிகம்.

வண்ண ஸ்லைடுகளில் கடை தடுமாறுகிறது. கொடிமலை ஸ்லைடுகள் பெரும்பாலும் கோடாக்கின் கோடாகுரோம் ஃபிலிமில் எடுத்தவை. அந்த ஃபிலிமின் சாயங்கள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டவை. பொதுவான அமைப்பில் எடுத்தால் நீலம் ஏறும். ஏறியிருந்தது. திருத்தித் தரச் சொன்னபோது நீலம் போய், மலைச்சரிவு சுற்றுலா விளம்பரத்துப் பச்சையாக மாறி வந்தது. மூன்றாம் முறைதான் ஒப்புக்கொள்ளும்படி அமைந்தது, அதுவும் ஸ்லைடை வெளிச்சப் பலகையில் வைத்து இருவரும் பக்கத்தில் பக்கமாகப் பார்த்த பிறகு. வண்ணத்தில் அவருடைய கண் கருப்பு வெள்ளையில் உள்ள அளவுக்குப் பழகவில்லை. ஸ்லைடுகள் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடையைச் சொல்லத் தயங்குவேன். எனக்கோ நிறத்தைவிடக் காட்சி முக்கியமாக இருந்தது. 1923இல் ஓடத் தொடங்கிய அந்த மலை ரயில் அப்போது இரண்டு பகுதிகளாக இயங்கியது. பயணிகள் நடு நிலையத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறுவார்கள். 2011இல் புதுப் பெட்டிகள் வந்த பிறகு ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விடுகிறோம். குடையும் கூடையுமாக நடு நிலையத்தில் மாறி ஏறும் கூட்டத்தை இனி எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது.

கடையின் இன்னொரு சேவை, பழைய படத்தையும் அதே இடத்தின் இன்றைய படத்தையும் ஒரே தாளில் அருகருகே பிரிண்ட் போட்டுத் தருவது. இதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஸ்கேனின் தரம் இங்கேதான் உண்மையில் உரசிப் பார்க்கப்படுகிறது. பழைய படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க, அதில் கிட்டத்தில் ஒரு பொருளும் தொலைவில் ஒரு பொருளும் வேண்டும்; இரண்டும் பழைய படத்தில் எப்படி ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றனவோ அப்படியே இன்றும் நிற்கும் இடத்துக்குக் கால் நகர வேண்டும். கோலாலம்பூர் பழைய நிலையத்தில் தொலைவுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடங்கள் அப்படியே இருக்கின்றன. கிட்டத்துப் பொருள்தான் சிக்கல். என் படத்தில் அது இடது ஓரத்தில், அரைத் தூணாக, ஃபிரேமின் விளிம்பை ஒட்டி நின்றது. முன்பு எடுத்த ஸ்கேனில் அந்தத் தூண் வெட்டுப்பட்டிருந்தது. முழு ஃபிரேம் கையில் வந்த பிறகு இடத்தைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. 2001இல் புதிய முதன்மை நிலையமான கே.எல். சென்ட்ரல் திறந்ததிலிருந்து அந்த நடைமேடைகளில் கூட்டம் குறைந்துவிட்டதால், முக்காலி இல்லாமல் நிதானமாகப் படமெடுக்க இடமும் கிடைக்கிறது.

இன்றைய படத்தில் புதிதாக நுழைந்திருப்பது கம்பி. 1995இல் கொமுட்டர் என்ற புறநகர் மின்வண்டிகள் வந்ததிலிருந்து தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியும் அதைத் தாங்கும் கம்பங்களும் வானத்தைக் கோடு போட்டுவிட்டன. தண்டவாள அகலம் மட்டும் பெரியப்பா காலத்து ஒரு மீட்டரேதான். வடக்கே இரட்டைப் பாதை போட்டபோது பல இடங்களில் பாதையே விலகிப் போய்விட்டது, வேலியும் வந்துவிட்டது. வேலியைத் தாண்டுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் இ.டி.எஸ். என்ற விரைவு மின்வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 39 மீட்டர் கடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காராயில் 1900இல் திறந்த விக்டோரியா பாலத்தின் செங்கல் தூண்கள் இன்றும் பேராக் ஆற்றில் நிற்கின்றன. வண்டி பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. ஆகவே என் இணைப்படத்தில் பாலம் ஒரு பாதியிலும் வண்டி மறு பாதியிலுமாக அமைந்துவிட்டது. செந்தூலில் நிலைமை இன்னும் விசித்திரம். பணிமனை வேலைகள் பத்து காஜாவுக்குப் போய்விட்டன; செந்தூல் மேற்கில் இருந்த ஒரு பழைய ரயில் கிடங்கு 2005இல் நாடக அரங்கமானது. ஷெட்டு என்று பெரியப்பா எழுதிய உறையிலுள்ள பாதிப் படங்களுக்கு இன்றைய இணையே எடுக்க வழியில்லை.

இணைப்படம் பற்றிக் கடைக்காரர் தந்த ஓர் ஆலோசனை பயன்பட்டது. பழைய படத்தில் சக்கரத் தண்டுகள் லேசாகக் கலங்கியிருக்கும். பக்கத்தில் 1/1000 வினாடியில் உறைந்து நிற்கும் மின்வண்டியை வைத்தால் அது நிறுத்தி வைத்த வண்டி போலத் தெரியும். ஊர் பெயர் காட்டும் எல்.இ.டி. பலகையும் அந்த வேகத்தில் அரைகுறை எழுத்தாகத்தான் பதிவாகும். 1/125 வினாடியில் கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பி எடுங்கள் என்றார். இரண்டு படங்களிலும் ஓட்டம் ஒத்துப்போனது. 50 மில்லிமீட்டர் லென்ஸையே பயன்படுத்தச் சொன்னதும் அவர்தான். பெரியப்பாவின் கேமராவில் இருந்தது அதுவே.

பிரிண்டைப் பொறுத்தவரை, பளபளப்பில்லாத தாளில் போட்டவற்றில் நீராவி எஞ்சினின் கருமை அடைத்துக்கொண்டு, திரையில் தெரிந்த எண் தாளில் மறைந்துவிட்டது. பாரிட்டா எனப்படும், பேரியம் பூச்சும் அரைப் பளபளப்பும் உள்ள தாளில் எண் தெரிகிறது. விலை கூடுதல்தான், ஏ3 அளவுக்கு 45 ரிங்கிட் ஆகிறது. ஆனால் நீராவிப் படங்களுக்கு வேறு வழியில்லை. டீசல் எஞ்சின் படங்களுக்கு மலிவான தாளே போதும். 1957இல் வந்த 20ஆம் வகுப்பு டீசல் எஞ்சின் ஒன்று நடைமேடையில் நிற்கும் படத்தை இரண்டு தாளிலும் போட்டுப் பார்த்தேன். சுவரில் மாட்டிய பிறகு வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்கேன் கட்டணம் ஃபிரேமுக்கு 3 ரிங்கிட், இரண்டு அளவில் எடுத்து இணைத்தால் 5. நிறைய ஃபிரேம்களை மொத்தமாகக் கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைக்கிறார். மலிவு என்று சொல்ல மாட்டேன். வேகமும் இல்லை, சொன்ன தேதி தள்ளிப்போவது வழக்கமாகவே நடந்தது, நினைவூட்டிய பிறகுதான் பதில் வரும். குடும்பத் திருமண ஆல்பம், பிறந்தநாள் படங்கள் வைத்திருப்பவர்கள் இதில் பாதி விலைக்கு, பாதி நேரத்தில் வேறெங்கும் செய்துகொள்ளலாம். அவர்களுக்கு மூலையில் நிற்கும் தூண் தேவைப்படாது. ரயில், துறைமுகம், பணிமனை, கடைத்தெரு என்று இடத்தையும் ஆண்டையும் கண்டறிய வேண்டிய படங்கள் வைத்திருப்பவர்கள் இந்தப் படியேறலாம்.

போகும்போது உறைகளைப் பிரித்து அடுக்காமல் இருந்த வரிசையிலேயே கொண்டுபோங்கள். கூர்மையேற்றல், மணி நீக்கல் இரண்டும் வேண்டாம், விளிம்போடு முழு ஃபிரேம் வேண்டும், 16 பிட் டிஃப் வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சொல்லாவிட்டால் ஜேபெக் கோப்பில், சற்றுக் கூர்மையேற்றித்தான் தருகிறார். கருப்பு வெள்ளைக் கோப்பு ஒன்று ஏறத்தாழ 48 மெகாபைட், வண்ணம் என்றால் அதன் மூன்று மடங்கு; ஒரு பெட்டி நெகட்டிவ் சிறிய பென் டிரைவில் அடங்காது. ஒப்படைத்த ஒரு மாதத்துக்குப் பிறகு தன் கணினியிலிருந்து கோப்புகளை அழித்துவிடுகிறார் என்பதால், சொந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய், கடையிலேயே ஓரிரு கோப்புகளைத் திறந்து எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.